உடைப்பது என் வேலை

மருமகள் திரையைப் பார்த்தபடி நகத்தைக் கடிக்கிறாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவள்போல் துணி மடிக்கிறேன்.

மற்ற வீடுகளில் மருமகள் செய்வதில் மாமியார் குற்றம் கண்டுபிடிப்பாள். எங்கள் வீட்டில் குற்றத்தைச் செய்வது நான். கண்டுபிடிப்பது அவள்.

இந்த ஏற்பாடு அவளுடையதுதான். நாளைக்கு அவளுக்குச் செய்முறைத் தேர்வு. கோளாறான சர்வர்களைக் கொடுத்து, இத்தனை நேரத்துக்குள் சரிசெய் என்பார்களாம். தானே கெடுத்துத் தானே சரிசெய்தால் அது பயிற்சியாகாது. அதனால் கெடுப்பதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பெட்டி மேசைக்கு அடியில் இருக்கிறது. ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர். ஒரு கடையில் ஹார்ட் டிஸ்க், இன்னொரு கடையில் ரேம் என்று அலைந்து வாங்கி, வீடியோவைப் பார்த்துப் பார்த்துத் தானே பூட்டினாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஸ்க்ரூ முடுக்கியவள் அவள்.

அந்த ஒரே பெட்டிக்குள் ஆறேழு கம்ப்யூட்டர்கள் குடித்தனம் நடத்துகின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி ஆள். எல்லாவற்றுக்கும் உறவுமுறையில் பெயர் வைத்திருக்கிறாள். ஊர்ப்பட்ட கோப்புகளைச் சேர்த்து வைத்துக்கொள்வது சித்தி. கூப்பிட்டால் தாமதமாகப் பதில் சொல்வது மாமா. யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று முடிவுசெய்கிற கம்ப்யூட்டருக்குப் பெயர் அத்தை.

முதலில் எனக்குச் சுருக்கென்றது. அத்தை படுத்தால் மற்ற எல்லாரும் படுத்துவிடுவார்கள் என்று சொன்னபிறகு பெருமையாகிவிட்டது.

கெடுப்பதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும். ஆரம்பத்தில் வயரைப் பிடுங்கினேன். பார்த்த மாத்திரத்தில் செருகிவிட்டாள். அவள் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் தொழில் பிடிபட்டது. கல்யாண வீடியோக்களைத் திணித்துச் சித்திக்கு மூச்சுமுட்ட வைத்தேன். மாமாவின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைத்தேன். நேரம் ஒத்துவராத ஆளை அத்தை உள்ளே விடவே மாட்டாளாம். அதைக் கண்டுபிடிக்க மருமகள் அரை நாள் திணறினாள். கண்டுபிடித்ததும் என் கன்னத்தைக் கிள்ளினாள். என் வயதுக்கு யார் கிள்ளுவார்கள்?

இவள் தேறிவிடுவாள். தேறியாக வேண்டும்.

குழந்தை பிறந்ததும் விட்ட வேலை, இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் திரும்பக் கிடைக்கும். போன தடவை தேர்வுக்கு முந்தின நாள் பெட்டி படுத்துவிட்டது. அன்று முழுக்க அதோடு மல்லுக்கட்டி, அழுது வீங்கிய கண்ணோடு போய்த் தோற்றுவிட்டு வந்தாள். பழைய சாமான் வாங்கினால் அப்படித்தான் என்றான் என் மகன். இந்தத் தடவையும் தேறவில்லையென்றால் பெட்டியைக் காயலான் கடையில் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டான். அவளும் சரி என்றுவிட்டாள்.

அதனால்தான் இன்றைக்கு நான் எதையுமே தொடவில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, போங்கள் அத்தை என்று அவள் வாயால் வரட்டும். அந்தத் தெம்போடு நாளைக்குப் போகட்டும்.

அவள் ஒவ்வொருவராக எழுப்புகிறாள். சித்தி எழுந்திருக்கவில்லை. மாமாவும் எழுந்திருக்கவில்லை. அவள் நெற்றி சுருங்குகிறது. என் கையில் துணி அப்படியே நிற்கிறது.

பெட்டியை அணைத்து, வயரை உருவி, வெளியே இழுத்து மூடியைக் கழற்றுகிறாள். உள்ளே இரண்டு ரேம் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது. பாதி இடத்தில் இத்தனை குடித்தனம் எப்படி நடக்கும்?

மூடியை நான் ஒருநாளும் திறந்ததில்லை. கரண்ட் என்றால் எனக்குக் குலைநடுக்கம்.

குழந்தையை விட்டால் இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். கூடத்தில் இதுவரை அலறிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் மெல்லக் குறைகிறது.

பெற்ற வயிறு பற்றி எரிகிறது. ஆனால் நாளைக்குத் தேர்வை வைத்துக்கொண்டு இவளிடம் எதைச் சொல்வது?

“நான்தாம்மா கழட்டினேன். எங்க வெச்சேன்னு ஞாபகம் வரமாட்டேங்குது.”

அவள் நிமிர்ந்து என்னையே பார்க்கிறாள். முகத்தில் கோபமும் இல்லை, பதற்றமும் இல்லை. எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து பிரிக்காத சின்ன உறை ஒன்றை எடுக்கிறாள். உள்ளே ஒரு ரேம். அதைக் காலியிடத்தில் நேராக வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துகிறாள். டக்கென்று உட்காருகிறது.

மூடியைப் பூட்டிக்கொண்டே, கூடத்துக்கும் கேட்கிற குரலில் சொல்கிறாள்.

“போன தடவைக்கு அப்புறமே இன்னொண்ணு வாங்கி வெச்சுட்டேன் அத்தை.”