கூட்டுக் கடை

காட்டு வணிகக் கல்லூரியில் அன்று கடைசிப் பரீட்சை. காடையின் இறக்கைக்குள் பிட் இருந்தது. காவலுக்கு நின்ற கொக்கு கண்ணை மூடியிருந்தது; தூக்கமா, பாவனையா என்று தெரியாமல் காடை பிட்டை எடுக்கத் தயங்கியது.

"பயப்படாதடி, எல்லாரும் பண்றதுதானே? நாளைக்குக் கடை போட்டா உண்மையை மட்டுமா பேசி விக்கப் போறோம்?" என்று கிசுகிசுத்தது, பிட் எழுதிக் கொடுத்த தோழி மைனா.

காடை பிட்டை விரித்துப் பார்த்து எழுதியது. இரண்டும் தேறின. அந்தச் சந்தோஷத்தில் சேர்ந்தே தானியக் கடை போட்டன.

முதல் நாள் கடையைப் பூட்டியதும், "சாவி என்கிட்ட இருக்கட்டுமாடி?" என்று கேட்டது மைனா.

"ஏன், என்கிட்ட இருக்கட்டுமே" என்றது காடை, மெல்ல.

பொழுது சாய்ந்தும் இரண்டும் கூட்டுக்குப் போகவில்லை. ஒன்றை ஒன்று பார்த்தபடி, பூட்டிய கதவருகிலேயே உட்கார்ந்திருந்தன.