பெனடிக்டாவின் நேரம்

அலுவலகக் கணினிகள் அனைத்தும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும் என்பதில் நிஷாந்தினி பிடிவாதமாக இருந்தாள். நெட்வொர்க் அவள் பொறுப்பு. எல்லாக் கணினிகளும் சர்வரைப் பார்த்துத் தங்களைத் திருத்திக்கொண்டன. பெனடிக்டாவின் கணினி மட்டும் நான்கு நிமிடம் முந்தி ஓடியது. நிஷாந்தினி திருத்திவிட்டுப் போவாள். மறுநாள் அது மீண்டும் முந்தியிருக்கும்.

"அக்கா, இதை யாரு மாத்துறது?"

"நான்தான்," என்றாள் பெனடிக்டா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அஞ்சு ஆகாம இந்த மெஷின் என்னை லாக் அவுட் பண்ண விடாது. பஸ்ஸு அஞ்சுக்கெல்லாம் கிளம்பிருது. அதை விட்டா, காப்பகத்தைப் பூட்டிட்டு என் பிள்ளையை ரோட்டுல நிறுத்திடுறாங்க. நீ திருத்து. நான் திரும்ப மாத்துவேன்."

"மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். எல்லாருக்கும் ஒரே நேரம்தான்னுட்டாரு."

நிஷாந்தினி சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மாலை எல்லாத் திரைகளிலும் ஒரே நொடியில் ஐந்து மணி ஆனது. எல்லோரும் எழுந்தார்கள். பெனடிக்டா முதல் ஆளாகப் படியிறங்கி ஓடினாள். மேலாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் ஐந்தாக இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. காதில் வைத்துக் கேட்டார். பிறகு, வரிசையாக ஒளிர்ந்த திரைகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கடிகாரத்தின் முள்ளை மெல்ல முன்னால் நகர்த்தினார்.