ஒளிந்துகொண்ட எலிகள்

“ஸ்ரீநாத்துக்கு இன்னும் கொஞ்சம் மீன் குழம்பு ஊத்துங்க. இன்னிக்கு அவருக்காகத்தான் இந்தச் சாப்பாடே” என்றார் பேராசிரியர் விசாலாட்சி.

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு வாழையிலைக் கடையில் மதியக் கூட்டம். அவருடைய ஆராய்ச்சி மாணவன் ஸ்ரீநாத் சுவரோரம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்த மனைவி அனுப்ரியா எழுந்து வழிவிட்டால்தான் அவன் வெளியே வர முடியும்.

“லேப்ல என்ன செய்யறார்னு இவர் வீட்ல பேசவே மாட்டார் மேடம். நீங்களாவது சொல்லுங்க” என்றாள் அவள்.

“சிம்பிள்தான் லா. வளர்ற வயசுல ஒரு கூட்டம் எலிங்களுக்குக் கொழுப்பும் சர்க்கரையும் கலந்த தீனி, இன்னொரு கூட்டத்துக்குச் சாதாரண தீனி. வளர்ந்த பிறகு எல்லாத்துக்கும் சாதாரண தீனிதான். அப்புறம் உயரத்துல ஒரு பலகை மேல விடுவோம். ஒரு பக்கம் சுவர் இருக்கும், ஒரு பக்கம் திறந்து கிடக்கும். பயந்த எலி சுவர்ப் பக்கமே ஒளிஞ்சுக்கும்.”

“கொழுப்பு தின்னதுதான் ஒளிஞ்சுதா?”

“ஸ்ரீநாத் கணக்குப்படி அப்படித்தான். எடையும் கூடியிருக்கு. ரெண்டு தடவையும் அதே ரிசல்ட்.”

ஸ்ரீநாத் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

முதல் தடவை கொழுப்பு தின்ற எலிகள் குண்டாகியிருந்தன, அது உண்மை. ஆனால் ஒளியவில்லை. இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி திறந்த பலகையில் உலாவின. எதிர்பார்த்தது வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், பிறகு இங்கே தங்குவதற்கான ஸ்டூடண்ட் பாஸும் போய்விடும் என்று பயந்தான். திருச்சியில் நல்ல வேலையை விட்டுவிட்டு அனுப்ரியா அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். கம்ப்யூட்டரில் சில எண்களை மாற்றினான்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தான். “வெளியிடறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை செஞ்சு பார்த்துடலாம்” என்றார் விசாலாட்சி. இந்த முறை குட்டிகளுக்குத் தீனி போட்டு வளர்ப்பதைத் தானே ஏற்றுக்கொண்டார். வளர்ந்த எலிகளை மட்டும், எந்தக் கூண்டு எந்தத் தீனி என்று சீட்டு ஒட்டி அவனிடம் ஒப்படைத்தார்.

அவையும் ஒளியவில்லை. இந்தத் தடவை எடையில்கூட வித்தியாசம் இல்லை. ஏன் என்று யோசிக்கும் நிலையில் அவன் இல்லை. முதலில் சொன்ன பொய்யை இப்போது காப்பாற்றியாக வேண்டும். எலிகள் ஒளிந்த கணக்கோடு எடையையும் சேர்த்து மாற்றினான்.

“அப்ப இவருக்கு இங்கயே வேலை கிடைச்சுடுமா மேடம்?”

“அவர் வேலையைப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன்.”

அனுப்ரியாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவன் தோளை மெல்ல இடித்துவிட்டு, கை கழுவ எழுந்து போனாள்.

இப்போது வழி இருந்தது. ஸ்ரீநாத் எழுந்திருக்கவில்லை.

“என்கிட்ட ஏதாவது சொல்லணுமா ஸ்ரீநாத்?” விசாலாட்சி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. தூரத்தில், அனுப்ரியா ஈரக் கையோடு ஃபோனைக் காதில் இடுக்கிக்கொண்டு சிரித்துப் பேசுவது தெரிந்தது. அவளுடைய அம்மாவாகத்தான் இருக்கும்.

“இல்ல மேடம். ஒண்ணும் இல்ல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“எல்லாம் ரிப்போர்ட்ல எழுதிட்டேன் மேடம்.”

விசாலாட்சி தன் இலையை மடித்தார். அனுப்ரியா திரும்பி வருகிறாளா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு அவன் பக்கம் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“ரெண்டாவது தடவை நான் எல்லா எலிக்கும் ஒரே தீனிதான் போட்டேன்.”