காலையில் பிந்தும், மாலையில் முந்தும்

"பத்து நிமிசம் பிந்துது!" ஜெரோமி தலையில் கை வைத்தாள். "நேத்து சாயங்காலம் பத்து நிமிசம் முந்தி நின்னிச்சேடி. பேய் கீய் புடிச்சிருக்கா இதுக்கு?"

லோஜனா கொப்பியில் குறித்துக்கொண்டாள். ஐந்தாவது நாளும் இதே கூத்துதான்.

"பாத்தாச்சுல்ல? போங்க, எனக்கு வேல கெடக்கு!" கையைப் பிடுங்கிக்கொண்டு தேயிலை மலையில் ஏறிவிட்டார் சோலைமலை கங்காணி.

அவர் கையில் கட்டியிருந்தது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரும் தாங்களே செய்த வாட்ச். சுகிர்தன் சார் கொடுத்த வேலை அது. யாழ்ப்பாணத்து மனுசன், கங்காணிகளுக்கு மேலான கண்டாக்கு ஐயா வீட்டில் தங்கியிருப்பவர். அவருக்கு எதுவும் படிப்படியாக நடக்கவேண்டும். யாருக்குத் தேவை என்று பார், அவரையே கேள், படம் வரை, செய், ஒரு வாரம் சோதி, பிழையைத் திருத்து. நன்றாக வந்தால் ஹட்டனில் நடக்கும் கண்காட்சிக்குப் போகலாம். ஜெரோமி அதற்காகச் சட்டைகூடத் துவைத்து வைத்துவிட்டாள்.

மழையிலும் பனியிலும் நின்று கொழுந்து பறிக்கும் ஆட்களை மேய்க்கிற கங்காணிக்குத்தான் வாட்ச் வேண்டும் என்று முடிவானது. யாரோ தூக்கிப் போட்ட வாட்சின் உள்பாகத்துக்குப் புதுப் பெட்டரி, தண்ணி போகாத பிளாஸ்டிக் மூடி, டிராக்டர் டியூபில் வெட்டிய பட்டி. பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தபோது அரை நிமிடம்கூடப் பிசகவில்லை. கங்காணி கைக்குப் போன பிறகுதான் இந்தச் சனியன்.

"மாமா, முள்ள கிள்ள திருப்புனீங்களா?" என்று ஜெரோமி கேட்டும் பார்த்தாள்.

"எனக்கு வேற பொழப்பு இல்லன்னு நெனச்சியா?" எரிந்து விழுந்தார். அவர் மூஞ்சியைப் பார்த்தாலே பால் திரிந்துவிடும் என்று தோட்டத்தில் சும்மாவா சொல்கிறார்கள்!

வகுப்பில் சுகிர்தன் சார் கொப்பியைப் புரட்டினார்.

"என்ன பிள்ளையள் இது? ஒரு மணிக்கூடு ஒண்டில் பிந்தும், இல்லாட்டி முந்தும். காலமை பிந்தி, பின்னேரம் முந்துமோ?"

"காலையில குளிர்ல சுருங்கி மெதுவா ஓடுது போல சார்..." ஜெரோமி இழுத்தாள்.

"அப்ப மத்தியானம் என்ன, அவிஞ்சு போகுமோ?"

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

"வீட்டில இருந்துகொண்டு மனசில வந்ததை எழுதியிருக்கிறியள். நாளைக்குப் பிழையைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ. இல்லையெண்டா கண்காட்சிக்கு வேற ஆக்கள்தான் போவினம்."

வகுப்பு விட்டதும் இருவரும் கொப்பியைத் திரும்பத் திரும்பப் புரட்டினார்கள். எவ்வளவு மண்டையை உடைத்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

"காலையில பெரட்டுக்கு ஆள் சேர்த்து வேல பிரிக்கிற எடம் எங்க லயத்து வீட்டுக்குப் பின்னாடிதானே" என்றாள் லோஜனா. "நாளைக்கு வெள்ளன ஒளிஞ்சு நின்னு பாக்குறேன். வாட்ச என்ன செய்றாருன்னு தெரிஞ்சிடும்."

மறுநாள் லோஜனா வந்து சேரும்போது மணி அடித்துவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்கக்கூட நேரமில்லை. சார் நேரே இவர்கள் மேசைக்கு வந்துவிட்டார்.

"பிழை தெரிஞ்சுதோ?"

லோஜனா எழுந்து நின்றாள்.

"தெரிஞ்சிச்சு சார். வாட்ச் சரியாத்தான் ஓடுது. நாங்கதான் பாக்காம பொய்யா எழுதிட்டோம்."

ஜெரோமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, இல்ல சா..." மேசைக்கடியில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

சார் பக்கத்தின் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தார். "வெக்கமில்லையோ? ரெண்டு பேரும் வெளியில நில்லுங்கோ!"

வெளியே வந்ததுமே ஜெரோமி பாய்ந்தாள்.

"அஞ்சு நாளா குளிர்ல நின்னு எழுதுனது பொய்யாடி? கண்காட்சியும் போச்சு, மானமும் போச்சு. உனக்கு கிறுக்கா?"

லோஜனா அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"சார் கண்டாக்கு ஐயா வீட்டுலதானடி தங்கியிருக்காரு. நெசத்த சொன்னா இன்னைக்கே அவரு காதுக்குப் போயிடும்."

"எந்த நெசம்?"

"பிந்தி வந்தா இன்னைக்கு வேல இல்லன்னு கண்டாக்கு ஐயா கத்துனாரு. கங்காணி மாமா நம்ம வாட்ச நீட்டி, 'பள்ளிக்கூடத்துல சோதிச்சதுங்க, உங்க வாட்சுதான் முந்துது'ன்னாரு. அதுக்கு முன்னாடியே முள்ள பத்து நிமிசம் பின்னுக்குத் திருப்பிட்டாரு, நான் பாத்தேன். கைப்புள்ளைய புள்ளக்காம்பரா ஆயாகிட்ட விட்டுட்டு ஓடியாந்த அஞ்சாறு பேருக்கும் வேல கெடச்சிச்சு. சாயங்காலம் அவங்க புள்ளைய தூக்க நேரத்தோட போகணும்ல? அதுக்குத்தான் அப்ப முன்னுக்குத் திருப்புறாரு."

அப்படியும் ஜெரோமிக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"நல்ல மனுசன்தான், இருக்கட்டும். யாரோ பிந்தி வந்ததுக்கு நான் ஏன்டி பொய்க்காரின்னு பேர் வாங்கணும்?"

"கடைசியா மூச்சு வாங்க ஓடியாந்தது உங்கம்மாடி."