வில்லி அழக்கூடாது

டி.வி. ரியாலிட்டி ஷோவின் போட்டி வீட்டைவிட்டு வெளியே வந்து இரண்டு வருடமாகியும் தமயந்தி சேனலோடு போட்ட ஒப்பந்தப்படி இன்னும் வில்லிதான். வெளியாட்கள் முன்னால் அவள் சிரிக்கலாம், திட்டலாம், அழக்கூடாது. அப்பா இறந்த அன்றும் சேனல்காரன் கேமராவோடு வந்து நின்றான்.

"கண்ணைத் துடைங்க மேடம், கேரக்டர் கெட்டுடும்."

அப்போது ஜெசிந்தா மாலையோடு உள்ளே வந்தாள். போட்டியில் தமயந்தி ஆள் சேர்த்து வெளியேற்றியது அவளைத்தான். சேனல்காரனின் முகம் மலர்ந்தது.

"அவங்களை வெளியே போகச் சொல்லுங்க மேடம், சூப்பரா இருக்கும்!"

தமயந்தி அவன் பக்கம் திரும்பினாள். "எங்கப்பா செத்துக் கெடக்காருடா!" என்று கத்தினாள். கேமராவைப் பிடுங்கித் தெருவில் வீசிவிட்டு, ஜெசிந்தாவின் தோளில் சாய்ந்தாள்.

"அழுடி," என்றாள் ஜெசிந்தா. "எவன் தடுக்கிறான்னு நான் பார்க்கிறேன்."

தமயந்தி வாய்விட்டு அழுதாள்.