நடுங்காத தம்பி

மீன் பெட்டிகளுக்குப் பின்னால் நாங்கள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். லாரி எல்லைச் சாவடியில் நின்றது.

மூச்சுச் சத்தம்கூட வெளியே கேட்கக் கூடாது என்று டிரைவர் சொல்லியிருந்தார். பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். அங்கே அப்பாவுக்குச் சிறை.

மீனுக்கான குளிர் எங்களுக்கும் சேர்த்து வீசியது. கும்மிருட்டு. பல் அடித்துக்கொள்ளாமலிருக்கச் சித்தப்பா துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

அம்மா மடியிலிருந்த பச்சைக்குழந்தை, என் தம்பி, மட்டும் நடுங்கவே இல்லை.

வரும் வழியில் அப்பா அவனைத் தடவிப் பார்த்து, "நம்ம குடும்பத்துல இவன் ஒருத்தன்தான் ஆம்பளை" என்று கிசுகிசுத்தார். சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அம்மாகூடச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் மேலிருந்த சால்வையை உருவி எனக்குப் போர்த்தினாள்.

நான் அதை அவன் மேல் திருப்பிப் போட்டேன். அம்மா மறுபடி என் மேலேயே போட்டு, தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று பள்ளியில் என்னைக் கேட்பார்கள். அம்மா கிள்ளியபோதும் நான் திறக்கவில்லை.

பள்ளியை விட்டு நிற்பதற்கு முன் நான் கேட்ட கடைசிப் பாடம் நினைவுக்கு வந்தது. பிறந்த குழந்தைக்கு நடுங்கத் தெரியாது. அதன் தோள்பட்டைகளுக்கு நடுவே கொஞ்சம் பழுப்புக் கொழுப்பு இருக்கும். அந்தச் செல்களின் மைட்டோகாண்ட்ரியா கொழுப்பை எரிக்கும். வேறு இடமென்றால் அந்தச் சக்தி உடம்பின் வேலைக்குப் போகும். இங்கே ஒரு புரதம் அதை வேலைக்கு விடாமல் கசியவிடும். அத்தனையும் வெறும் சூடாகும்.

கொழுப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான். பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அவன் சட்டைக்குள் கைவிட்டேன். தோள்பட்டைகளுக்கு நடுவே, பக்கத்திலிருந்த இரும்புச் சுவர் மாதிரி இருந்தது.

வெளியே யாரோ டிரைவரைப் போகச் சொன்னார்கள். எஞ்சின் உறுமியது. இனி ஒரு பகல் முழுக்க ஓடிய பிறகுதான் கதவு திறக்கும்.

"அம்மா, தம்பி முதுகு ஜில்லுன்னு ஆயிடுச்சும்மா."

சித்தப்பாவின் கை என் வாயை அழுத்திப் பொத்தியது. அம்மாவின் கை என் கையைத் தேடி வந்தது. அவன் முதுகில் அப்படியே நின்றது. பிறகு மற்றொரு கையும் வந்தது.

லாரி நகர்ந்தது.

இரும்புச் சுவரை யாரோ முஷ்டியால் அடித்தார்கள். மறுபடியும். இன்னும் பலமாக.

அம்மாதான் என்று நினைத்தேன். அவளுடைய இரண்டு கைகளும் என் கையோடு, தம்பியின் மேல்தான் இருந்தன.

அடித்துக்கொண்டிருந்தது அப்பா.