மாப்பிள்ளை சாப்பிடும் அழகு

"ஒருத்தன் சாப்பிடறதை அஞ்சு நிமிஷம் எனக்குக் காட்டுங்க. அவன் குணத்தைப் புட்டுப் புட்டு வெச்சிடறேன்!"

இப்படிச் சொல்லிச் சொல்லியே, அண்ணன் மகளுக்கு வந்த இரண்டு வரன்களைச் சித்தப்பா தட்டிக் கழித்துவிட்டார். முதல் பையன் தட்டில் பாதியை மிச்சம் வைத்தான். "இவன் வாழ்க்கையையும் பாதியில விட்டுட்டு எழுந்து போயிடுவான்" என்றார். இரண்டாமவன் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டான். "மகா கஞ்சன். வீட்ல சோப்பு கரையறதுக்குக் கூடக் கணக்குக் கேப்பான்" என்றார்.

மூன்றாவது பையனை அவளுக்கு ரொம்பவே பிடித்துப் போயிற்று.

"சித்தப்பா, இவரையும் கெடுத்தீங்க, அப்புறம் ஜென்மத்துக்கும் உங்ககூடப் பேச மாட்டேன்."

"நான் எங்கம்மா கெடுக்கறேன்? அவன் சாப்பாடு சொல்லப் போகுது, நான் கேக்கப் போறேன்."

அவள் அப்பாவோ தம்பி பேச்சைத் தட்டாதவர். "நீ சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம்டா" என்று ஒதுங்கிக்கொண்டார்.

பையன், வீட்டுச் சாமான்கள் பழுது பார்க்கும் கடையில் மெக்கானிக். சித்தப்பாவை அவன் பார்த்ததே இல்லை. அது போதாதா? சித்தி குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த அயர்ன் பாக்ஸின் வயரைப் பிடுங்கி, பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பல்வலியில் இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. கடமை என்று வந்துவிட்டால் கன்னமாவது, பல்லாவது!

சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் அயர்ன் பாக்ஸை நீட்டினார். பையன் அதை ஒரு தடவை புரட்டிப் பார்த்து வைத்தான்.

"சாப்பிட்டதும் முடிச்சுத் தந்துடறேன் சார், அந்த பெஞ்சுல உக்காருங்க. என்ன சார், பல்லு வலியா?" என்று கேட்டு, பையன் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தான்.

உபசாரமெல்லாம் பலே. சாப்பாட்டில் தெரிந்துவிடும் சங்கதி என்று நினைத்துக்கொண்டார்.

எதிரிலேயே பழுது பார்க்கும் மேஜையைத் துடைத்து, ஐந்து பேர் டப்பாக்களைத் திறந்தார்கள். சித்தப்பா கைப்பழக்கத்துக்கு மற்றவர்களை முதலில் படித்தார். டப்பாவைக் கையால் மறைக்கும் பில் போடும் அக்கா: ரகசியக்காரி. மூன்று டப்பா திறந்த குண்டு மெக்கானிக்: அம்மா செல்லம். பிறகு நம் ஆளைப் பார்த்தார். கொஞ்சம் சோறு, ஒரே ஒரு முட்டை. பரவாயில்லை, அடக்கமானவன்தான்.

ஆனால் பையன் உட்காரவில்லை. டப்பாவின் மூடியை எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வர ஆரம்பித்தான்!

"அண்ணே, ஒரு துண்டு மீன் போடுங்க. முள்ளை நீங்களே எடுத்துடுங்க."

"அக்கா, கொஞ்சம் உருளைக்கிழங்கு. காரம் படாத பக்கமா."

"உங்க சோறு குழைஞ்சிருக்கா? அய்யோ, அதுதாங்க வேணும், போடுங்க போடுங்க."

யாரும் முகம் சுளிக்கவில்லை. தினமும் நடக்கிற கூத்து போலிருக்கிறது. மூடி கோபுரமாக நிறைந்தது.

சித்தப்பாவுக்குக் கன்னத்தோடு கோபமும் வீங்கியது. வெட்கம் கெட்டவன், மூடியேந்தி வசூல் பண்ணுகிறான்! அதிலும் முள் எடுத்துத் தரணுமாம், காரம் ஆகாதாம், சோறு குழைஞ்சிருக்கணுமாம்! கல்யாணமானால் ஊட்டியும் விடச் சொல்வான் போலிருக்கிறதே!

திரும்பி உட்கார்ந்து செல்போனை எடுத்தார்.

"அண்ணே, இது சரிப்படாது."

"ஏண்டா, பொண்ணு ஆசையா இருக்கா. முழுசாப் பார்த்துட்டுச் சொல்லு. அஞ்சு நிமிஷத்துல நானே கூப்பிடறேன்."

சித்தப்பாவுக்கு அண்ணன் மகளின் முகம் ஞாபகம் வந்தது. பாவம், சிரித்துக்கொண்டே இருக்கிற பெண். இனி இவரைப் பார்த்தால் சிரிக்க மாட்டாள். அதற்காகக் கண்ணால் கண்டதை மறைக்க முடியுமா?

"சார்."

நிமிர்ந்தார். மூக்குக்கு நேரே அந்த மூடி. மேலே அந்த ஒற்றை முட்டை.

"சாப்பிடுங்க சார்."

"எ... எனக்கா?"

"காத்துக்கிட்டு இருக்கறவங்களை விட்டுட்டு நாங்க சாப்பிடறதில்ல சார், எங்க மேஜை வழக்கம் அது. உங்களுக்குத்தான் பல்லு சரியில்லையே, அதான் மெத்துன்னு இருக்கறதாப் பார்த்துப் பார்த்து வாங்கினேன். முட்டை என்னோடது, தாராளமா சாப்பிடலாம்."

சித்தப்பா இரண்டு கையாலும் மூடியை வாங்கிக்கொண்டார்.

"அப்புறம், உங்க அயர்ன் பாக்ஸ்ல ஒரு கோளாறும் இல்ல சார். யாரோ வேணும்னே வயரைப் பிடுங்கியிருக்காங்க. வீட்ல வாண்டுப் பசங்க இருக்காங்களா?"

சித்தப்பா வீட்டில் அப்படி யாரும் இல்லை. "ஒண்ணு இருக்குப்பா" என்றார்.

மேஜையில் ஐந்தாவது நாற்காலி காலியாக இருந்தது. மற்ற நால்வரும் டப்பாவில் கை வைக்காமல், அவர் முதல் வாய் வைப்பதற்காகக் காத்திருந்தார்கள். அவசரமாக ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். குழைந்த சோறு அமிர்தமாக இறங்கியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, பல்வலியால் அல்ல.

செல்போன் அலறியது.

"என்னடா, பார்த்தியா? பையன் எப்படிச் சாப்பிடறான்?"

வாய் நிறையச் சோற்றோடு சித்தப்பா சொன்னார்: "அவன் இன்னும் சாப்பிடவே இல்லண்ணே. நான்தான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்!"